மார்கழிக் குளிரில் மீன் தொட்டி: முதலில் தெர்மாகோல், அப்புறம் ஹீட்டர்

குளிர்காலத்தில் தொட்டித் தண்ணீரின் சூட்டைப் பார்க்க வேண்டிய நேரம் விடியற்காலை ஐந்தரை, ஆறு மணி. சாயங்காலம் பார்த்து "22 டிகிரி இருக்கு, போதும்" என்று விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். அதே தொட்டி விடியும்போது 19-ல் நிற்கும். ஓசூர், பெங்களூர் வீடுகளில் டிசம்பர், ஜனவரி முழுக்க இதுதான் நிலை. ஊட்டி, குன்னூர், கொடைக்கானலில் ஹீட்டர் இல்லாத தொட்டி 15-க்கே இறங்கிவிடும். சென்னை, மதுரைக்காரர்கள் இதற்குப் பெரிதாக மெனக்கெட வேண்டாம். டிஸ்கஸ், பிளவர்ஹார்ன், பீட்டா குஞ்சுகள் வைத்திருந்தால் மட்டும் மேலே படியுங்கள். (இங்கே டிகிரி என்றால் எல்லா இடத்திலும் செல்சியஸ்தான்.)

தெர்மாமீட்டர் பார்க்காவிட்டாலும் மீன் காட்டிக்கொடுக்கும். கப்பியும் மோலியும் நீந்தாமல், இருந்த இடத்திலேயே உடம்பை மட்டும் இடதும் வலதுமாக நெளித்துக்கொண்டிருக்கும். துடுப்புகளை விரிக்காமல் உடம்போடு ஒட்டி மடக்கி வைத்திருக்கும். பீட்டா அடியில் படுத்துக் கிடந்து, மூச்சுக்கு மட்டும் மேலே வந்து போகும். நியான் டெட்ராவின் சிவப்பு வெளுக்கும். போட்ட தீனி அப்படியே கீழே இறங்கும். இதைக் கண்டதும் நோய் என்று நினைத்து மருந்துக் கடைக்கு ஓடுகிறார்கள். முதலில் தண்ணீரின் சூட்டைப் பாருங்கள்.

தொட்டியின் வெளியே ஒட்டும் ஸ்டிக்கர் தெர்மாமீட்டரை நம்ப வேண்டாம். அது கண்ணாடியின் சூட்டைத்தான் காட்டும். அறை குளிர்ந்து கிடக்கும்போது ஒன்றிரண்டு டிகிரி குறைத்தே காட்டும். உள்ளே தொங்கவிடும் கண்ணாடிக் குழாய் வகையோ, ஒயரின் முனையில் சென்சார் உள்ள டிஜிட்டல் வகையோ போதும். இரண்டு தெர்மாமீட்டர் வாங்கி ஒரே டம்ளர் தண்ணீரில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு டிகிரி வித்தியாசம் சாதாரணம். மூன்று டிகிரி வித்தியாசம் வந்தால் ஒன்று கெட்டது. எது கெட்டது என்று கண்டுபிடிக்க மூன்றாவதாக ஒன்றைக் கடன் வாங்க வேண்டியிருக்கும்!

இனி சூடு எந்த வழியாகப் போகிறது என்று பார்ப்போம். இது புரியாமல் வாட்ஸ் கணக்குப் போடுவது வீண்.

நிறையப் பேர் கவனிக்காத பெரிய ஓட்டை, திறந்து கிடக்கும் மேல்பக்கம். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகிப் போகும்போது கிட்டத்தட்ட 0.68 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. 70 லிட்டர் தொட்டியை 8 டிகிரி குளிர வைக்க அவ்வளவு சூடு போதும். மேல்பக்கம் திறந்த தொட்டியின் தண்ணீர் அறையைவிட ஒரு டிகிரி குறைவாகவே இருப்பதற்குக் காரணம் இதுதான். எனவே முதல் வேலை மூடி. கண்ணாடி மூடியோ, அக்ரிலிக் ஷீட்டோ, எது கிடைக்கிறதோ அது. தீனி போடவும் ஒயர், டியூப் போகவும் ஒரு மூலையில் இடம் விட்டால் காற்றோட்டத்துக்கும் அதுவே போதும். தொட்டி இருக்கும் அறையில் ராத்திரி சீலிங் ஃபேன் ஓடக்கூடாது. ஏர் பம்பை ஜன்னல் திட்டில் வைக்காதீர்கள்; வெளியே இருக்கிற 10 டிகிரிக் காற்றை இழுத்து இரவு முழுக்கத் தண்ணீருக்குள் ஊதிக்கொண்டிருக்கும்.

அடுத்தது கண்ணாடி. இரண்டு அடி நீளம், ஒரு அடி அகலம், 15 அங்குல உயரம் கொண்ட தொட்டியை எடுத்துக்கொள்வோம். அளவுகளை அங்குலத்தில் பெருக்கி 1,728-ஆல் வகுத்தால் கன அடி, அதை 28.3-ஆல் பெருக்கினால் லிட்டர். 24 × 12 × 15 என்றால் 2.5 கன அடி, சுமார் 70 லிட்டர். கல், மணல் இடம் பிடிப்பதால் உண்மையில் 60-ஐ ஒட்டி இருக்கும். மூடி போட்டிருந்தாலும் அறைக்கும் தண்ணீருக்கும் உள்ள ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் இந்தத் தொட்டி சுமார் 5 வாட் சூட்டை இழக்கும். அறை 11, தண்ணீர் 24 என்றால் 13 × 5 = 65 வாட். ஹீட்டர் அவ்வளவையும் ராத்திரி முழுக்க ஈடுகட்ட வேண்டும்.

பின்பக்கம், இரண்டு பக்கவாட்டு, அடிப்பாகம் ஆகிய நான்கிலும் 20 மில்லிமீட்டர் தெர்மாகோல் வைத்தால் இதே தொட்டி டிகிரிக்குச் சுமார் 3 வாட்தான் இழக்கும். தெர்மாகோல் மூடிய பகுதியில் இழப்பு ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகிவிடும். மிச்சம் போவதெல்லாம் முன்கண்ணாடி, மூடி வழியாக. 65 வாட் இருந்த இடத்தில் 39. ராத்திரி அளவையே நாள் முழுக்கப் போட்டாலும் தினம் ஒன்றரை யூனிட் ஆகவேண்டியது ஒரு யூனிட்டுக்குள் அடங்கும். இரண்டு மாதக் கணக்கில் சுமார் 37 யூனிட் மிச்சம். 500 யூனிட்டைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் வீட்டில் இது சின்ன விஷயமில்லை. தமிழ்நாட்டில் 500-ஐத் தாண்டினால் விகிதமே மாறும்.

தெர்மாகோலைக் கண்ணாடியில் பசை போட்டு ஒட்ட வேண்டாம். அளவுக்கு வெட்டி, தொட்டியைச் சுற்றி அகல செல்லோ டேப்பால் இறுக்கிக் கட்டினால் போதும். குளிர் போனதும் கழற்றலாம், நடுவில் சிலிகான் ஓரத்தில் கசிவு இருக்கிறதா என்று விலக்கிப் பார்க்கலாம். அடியில் வைப்பது மட்டும் தொட்டி காலியாக இருக்கும்போதுதான் முடியும். தண்ணீர் நிறைந்த தொட்டியைத் தூக்கி அடியில் செருகப் பார்த்தால் கண்ணாடி விரிசல் விடும். கடப்பா கல், கிரானைட் மேடை மேல் நேராக வைத்த தொட்டியில் அடிப்பக்கம்தான் முதலில் குளிரும். புதிதாகத் தொட்டி வைப்பவர்கள் அப்போதே 20 மில்லிமீட்டர் தெர்மாகோல் போட்டுவிடுங்கள். ராத்திரி முன்கண்ணாடிக்கு மேல் ஒரு பழைய கம்பளியைத் தொங்கவிட்டால் இன்னும் கொஞ்சம் பிடிக்கும். மீன்களுக்கு இருட்டு ஒரு குறையில்லை.

இதற்கெல்லாம் பிறகுதான் ஹீட்டர். கடைகளில் சொல்லும் கணக்கு "லிட்டருக்கு ஒரு வாட்". அறை எவ்வளவு குளிரும் என்பது அந்தக் கணக்கில் இல்லாததால் பெங்களூருக்கு அதிகமாகவும், மூடாத தொட்டி வைத்த ஊட்டி வீட்டுக்குக் குறைவாகவும் போகிறது. உங்கள் அறையின் விடியற்காலைச் சூட்டை நாலு நாள் பார்த்துக்கொள்ளுங்கள். வேண்டிய தண்ணீர்ச் சூட்டிலிருந்து அதைக் கழியுங்கள். இரண்டு அடித் தொட்டி என்றால் 3-ஆலும் (தெர்மாகோல் இல்லையென்றால் 5), மூன்று அடித் தொட்டி (36 × 15 × 18) என்றால் 5-ஆலும் (இல்லையென்றால் 9) பெருக்குங்கள். வந்ததற்கு ஒன்றரை மடங்கு வாட்ஸ் போதும். பெங்களூரில் அறை 19, தண்ணீர் 25 வேண்டும் என்றால் 6 × 3 = 18. ஐம்பது வாட் ஹீட்டரே தாராளம்.

"பெரிசா வாங்கிட்டா சீக்கிரம் சூடாகும், அப்புறம் தானா நின்னுடும்" என்று 70 லிட்டருக்கு 300 வாட் வாங்குபவர்கள் உண்டு. இதில்தான் மொத்தத் தொட்டியும் ஒரே நாளில் போகிறது. ஹீட்டருக்குள் இருக்கும் தெர்மோஸ்டாட் (வைத்த சூடு வந்ததும் தானாக நிறுத்தும் சுவிட்ச்) பல மாடல்களில் வெறும் இரண்டு உலோகத் தகடு. ஒவ்வொரு முறை தொட்டு விலகும்போதும் சின்னப் பொறி வரும். நாளடைவில் தொடுமுனை உருகி ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பிறகு ஹீட்டர் நிற்காது. 300 வாட் என்றால் 70 லிட்டர் தண்ணீர் மணிக்கு மூன்று டிகிரிக்கு மேல் ஏறும். 26-ல் இருந்தது மூன்று மணி நேரத்தில் 36. ஆபீஸ் போய்விட்டு வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அதே கோளாறு 50 வாட்டில் வந்தால், 15 டிகிரி அறையில் ஒரு நாள் முழுக்க ஓடினாலும் தண்ணீர் 29-ஐ ஒட்டித்தான் நிற்கும். மீன் பிழைக்கும், உங்களுக்கும் கவனிக்க நேரம் கிடைக்கும். ஆகவே 100 வாட் தேவைப்படும் இடத்தில் 50 வாட்டில் இரண்டு வாங்கி, தொட்டியின் இரு முனைகளில் வையுங்கள். ஒன்று ஒட்டிக்கொண்டால் மற்றது தானாக நின்றுவிடும். ஒன்று செத்துப்போனால் மற்றது பாதிச் சுமையைத் தாங்கும்.

இன்னும் பாதுகாப்பு வேண்டுமானால் தனியாக ஒரு டெம்பரேச்சர் கன்ட்ரோலர். எஸ்டிசி-1000 மாடல் எலெக்ட்ரானிக் பாகக் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும். அதில் எஃப்1 என்பது வேண்டிய சூடு, எஃப்2 எவ்வளவு இறங்கினால் ஹீட்டர் போடவேண்டும் என்பது (0.5 வைத்தால் சரி), எஃப்4 சென்சார் திருத்தம். 1, 2 முனைகளில் கரண்ட், 3, 4-ல் சென்சார், 5, 6 ஹீட்டிங். ஐந்தும் ஆறும் வெறும் சுவிட்ச் மாதிரிதான். கரண்ட் தானாக அங்கே வராது, ஃபேஸ் ஒயரை அதன் வழியாகக் கொண்டுபோக வேண்டும். எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்து ஒரு பெட்டிக்குள் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கன்ட்ரோலரில் 25 வைத்தால் ஹீட்டரின் சொந்தத் திருகை 27-ல் வையுங்கள். ஏனென்றால் தொட்டி கழுவும்போது சென்சார் ஒயர் தண்ணீரை விட்டு வெளியே வந்துவிட்டால், கன்ட்ரோலர் அறைக் குளிரை அளந்துகொண்டு ஹீட்டரை விடாமல் ஓட்டும். அப்போது ஹீட்டரின் தெர்மோஸ்டாட் 27-ல் நிறுத்தும். சென்சாரை சக்ஷன் கப்பால் தண்ணீர் மட்டத்துக்கு நன்றாகக் கீழே, ஹீட்டருக்கு எதிர் முனையில் ஒட்டுங்கள்.

ஹீட்டரைப் பொருத்தும் இடம் ஃபில்டர் தண்ணீர் தள்ளும் பக்கம். தேங்கிய மூலையில் வைத்தால் அந்த மூலை மட்டும் சூடாகி, தெர்மோஸ்டாட் நின்று, தொட்டியின் மறுமுனை குளிர்ந்தே கிடக்கும். தண்ணீருக்குள் முழுதும் மூழ்கும் மாடல் என்றால் அடியிலிருந்து இரண்டு அங்குலம் மேலே படுக்கை வாட்டில் பொருத்துவது நல்லது. பாதி தண்ணீர் மாற்றினாலும் மூழ்கியே இருக்கும். மணலில் புதையக்கூடாது. சக்கர் மீன் இருந்தால் பிளாஸ்டிக் கூண்டு போட்ட ஹீட்டர் வாங்குங்கள். அது சூட்டுக்கு ஹீட்டர் மேலேயே ஒட்டிக்கொண்டு வயிற்றைச் சுட்டுக்கொள்ளும். ஒயர் ப்ளக்குக்குப் போகும் வழியில் ஒரு வளைவு கீழே தொங்கிவிட்டு மேலே ஏற வேண்டும். வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், சாக்கெட்டுக்குள் போகாது. வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால் ஹீட்டருக்கு முன்னால் அதைப் போடுங்கள். எதுவானாலும், ப்ளக்கைப் பிடுங்காமல் தண்ணீருக்குள் கை வைக்கக்கூடாது.

புது ஹீட்டரைத் தண்ணீரில் இறக்கி அரை மணி நேரம் கழித்து ஸ்விட்ச் போடுங்கள். எடுக்கும்போதும் நிறுத்தி இருபது நிமிஷம் ஆறவிட்டு எடுங்கள். தண்ணீர் மாற்றும் நாளில் நிறுத்த மறந்து, மட்டம் இறங்கி, காற்றில் காய்ந்து கொண்டிருக்கும் கண்ணாடிக் குழாய் மேல் குளிர்ந்த தண்ணீர் பட்டால் வெடிக்கும். ஹீட்டர் பல வீடுகளில் உடைவது இதனால்தான்.

தண்ணீர் மாற்றுவது குளிர்காலத்தில் தனிக் கலை. 70 லிட்டரில் 17 லிட்டர் எடுத்துவிட்டு, மொட்டை மாடித் தொட்டியிலிருந்து 16 டிகிரித் தண்ணீரை ஊற்றினால் 26 டிகிரித் தொட்டி ஒரே நொடியில் 23.5-க்கு இறங்கும். மீனுக்கு இது இரவு முழுக்க மெதுவாக இறங்குவதைவிட மோசம். மதியம் இரண்டு, மூன்று மணிக்கு மாற்றுங்கள், மாடித் தொட்டி வெயிலில் காய்ந்திருக்கும். அதுவும் போதாதென்றால் 17 லிட்டரில் இரண்டு லிட்டரைக் கொதிக்க வைத்துப் பக்கெட்டில் கலந்தால் 16 டிகிரித் தண்ணீர் 26-ஐத் தொடும். பக்கெட்டில் கலந்து, தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்த பிறகே தொட்டிக்கு. கொதிநீரைத் தொட்டியில் நேராக ஊற்றுவது வேண்டவே வேண்டாம். கீசர் தண்ணீரும் வேண்டாம், பழைய கீசரில் செம்பு கரைந்து வரலாம், இறாலும் நத்தையும் தாங்காது. கார்ப்பரேஷன் தண்ணீர் என்றால் ஆன்டி-குளோரின் வழக்கம்போல. குழாயிலிருந்து நேராகப் பிடித்த குளிர்ந்த தண்ணீரில் காற்று அதிகம் கரைந்திருக்கும், சூடானதும் அது குட்டிக் குட்டிக் குமிழாக மீன் உடம்பு முழுக்க ஒட்டும். முதல் நாள் ராத்திரியே பக்கெட்டில் பிடித்து வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

கரண்ட் போனால் என்ன செய்வது? முதலில் பயப்படாமல் இருப்பது. 25 டிகிரியில் இருக்கும் இரண்டு அடித் தொட்டி, 15 டிகிரி அறையில், தெர்மாகோல் இல்லாவிட்டால் ஆரம்பத்தில் மணிக்கு சுமார் 0.6 டிகிரி இறங்கும். தெர்மாகோல் இருந்தால் அதில் பாதிக்கும் கொஞ்சம் மேல். நாலு மணி நேரம் மின்தடை என்றால் ஒன்றரை டிகிரிதான் போகும். கம்பளியைச் சுற்றிவிட்டு, ஏர் பம்பை மட்டும் இன்வெர்ட்டரிலோ பவர் பேங்கில் ஓடும் யுஎஸ்பி பம்பிலோ ஓட்டுங்கள். மீனின் மூச்சும், ஃபில்டரில் கழிவைத் தின்னும் பாக்டீரியாவும்தான் அப்போது முக்கியம். ஹீட்டரை இன்வெர்ட்டரில் போட்டால் வீட்டு விளக்குக்கு இருக்கிற பேட்டரியைத் தின்றுவிடும். ராத்திரி முழுக்க வராது என்று தெரிந்தால், எவர்சில்வர் வாட்டர் பாட்டிலில் 70 டிகிரி சுடுதண்ணீர் நிரப்பி, மூடியை இறுக்கி மிதக்க விடுங்கள். ஒரு லிட்டர் பாட்டில் 70 லிட்டர் தொட்டியை அரை டிகிரிக்குக் கொஞ்சம் மேல் ஏற்றும். பாட்டில் இடம் பிடிக்கும் அளவுக்கு முன்கூட்டியே தண்ணீர் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் தரை நனையும். கரண்ட் வந்த பிறகு மணிக்கு ஒரு டிகிரிக்கு மேல் ஏற்றாதீர்கள். அந்த வேகத்தை மீறாமல் இருக்கவும் சின்ன ஹீட்டர் உதவும்.

தீனியைக் குறைக்க வேண்டும். தண்ணீர் 20-க்குக் கீழே இருந்தால் வழக்கத்தில் பாதி, அதுவும் மதியம். குளிரில் செரிமானம் மெதுவாகும், ஃபில்டரில் அமோனியாவைத் தின்னும் பாக்டீரியாவும் மெதுவாகும். இரண்டும் சேர்ந்தால் மிச்சத் தீனி அமோனியாவாகத் தேங்கும்.

குளிரோடு கூடவே வருவது வெள்ளைப்புள்ளி நோய். ரவையைத் தூவினாற்போல் துடுப்பில் ஆரம்பிக்கும். மீன் கல்லில் போய் உரசிக்கொள்ளும். மருந்து போட்டதும் புள்ளி போகவில்லை என்று அளவைக் கூட்டுவது பலர் செய்வது. மீனின் தோலுக்குள் இருக்கும் ஒட்டுண்ணியை மருந்து தொடாது. அது விழுந்து, பெருகி, தண்ணீரில் நீந்தும் கட்டத்தில்தான் சாகும். 25 டிகிரியில் இந்தச் சுற்று ஒரு வாரத்துக்குள் முடியும், 15-ல் இன்னும் நீண்ட நாள் இழுக்கும். எனவே வெப்பநாட்டு மீன்களுக்கு ஒரு நாளைக்கு இரண்டு டிகிரி வீதம் 29 வரை ஏற்றி, ஏர் கல்லைக் கூடுதலாக ஓட்டி (சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும்), பத்து முதல் பதினாலு நாள் வைத்திருங்கள். புள்ளி மறைந்த அன்றே நிறுத்தினால் திரும்ப வரும். லிட்டருக்கு ஒரு கிராம் கல் உப்பைத் தனியாகக் கரைத்து ஊற்றலாம், ஆனால் கோரிடோராஸ், லோச் வகை மீன்கள் இருந்தால் அதிலும் பாதி. மெத்திலீன் ப்ளூ என்ற நீல மருந்தைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். ஃபில்டர் பாக்டீரியாவையும் செடியையும் சேர்த்துக் கெடுக்கும். அது தனி டப்பில் வைத்து வைத்தியம் பார்ப்பதற்கு.

இந்த நோய் பெரும்பாலும் புது மீனோடு வருவது. சென்னை கொளத்தூரில் 28 டிகிரித் தண்ணீரில் நீந்திய மீன், ராத்திரி பஸ்ஸில் மலையேறி, காலையில் 17 டிகிரிப் பையில் வந்து இறங்கினால் எதிர்ப்புச் சக்தி எங்கே இருக்கும்? மார்கழி, தையில் புது மீன் வாங்காமலிருப்பதே உத்தமம். வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் பையைக் கட்டவிழ்க்காமல் முக்கால் மணி நேரம் மிதக்க விடுங்கள். திறந்த பிறகு மட்டும் தாமதிக்கக்கூடாது. பைக்குள் அடைந்த கார்பன் டை ஆக்சைடு வெளியேறியதும் தண்ணீரின் பிஎச் (அமில, காரத்தன்மை அளவு) ஏறி, அதுவரை சும்மா இருந்த அமோனியா விஷமாகிவிடும். கால் மணி நேரத்துக்குள் டம்ளர் டம்ளராகத் தொட்டித் தண்ணீர் சேர்த்து, மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள்.

பீட்டாவைக் கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்திருப்பவர்களுக்கு: ஐந்து லிட்டர் கிண்ணம் அறையோடு சேர்ந்து ஏறி இறங்கும், அதற்குள் ஹீட்டர் வைப்பதும் ஆபத்து. பெரிய தெர்மாகோல் மீன் பெட்டி ஒன்றில் நாலு அங்குலம் தண்ணீர் விட்டு, அதில் ஹீட்டரையும் சின்ன பம்பையும் போட்டு, பீட்டா பாட்டில்களை அந்தத் தண்ணீரில் நிறுத்தி வையுங்கள். நிறைய பீட்டா வளர்ப்பவர்கள் செய்யும் முறை இது. ஹீட்டர் மீனைத் தொடாது, பத்து பாட்டிலுக்கு ஒரே ஹீட்டர்.

மலை ஊரில் புதிதாகத் தொடங்குபவர்கள் கோல்டுஃபிஷ், ஜீப்ரா டேனியோ, ரோஸி பார்ப், வைட் கிளவுட் மின்னோ என்று போங்கள். 18 டிகிரி இவற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை, கரண்ட் பில்லும் ஏறாது. கோல்டுஃபிஷ்ஷையும் டிஸ்கஸையும் ஒரே தொட்டியில் வைத்து "எவ்வளவு டிகிரி வைக்கலாம்" என்று கேட்டால் அதற்கு விடை கிடையாது.

பொங்கல் முடிந்ததும் ஹீட்டரைக் கழற்றிவிடுகிறார்கள். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பது மலை ஊர்த் தொட்டிக்கும் பொருந்தும். விடியற்காலைத் தண்ணீர் ஹீட்டர் ஓடாமலே 23-ல் ஒரு வாரம் நின்றால் எடுங்கள். போர் தண்ணீர் ஊர்களில் குழாய் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு படிந்திருக்கும். கண்ணாடிக் குழாயை மட்டும் வினிகரில் அரை மணி நேரம் ஊறவைத்துத் துடைத்து, காயவைத்து, பழைய டப்பாவில் வையுங்கள். அடுத்த கார்த்திகையில் தொட்டிக்குள் போடும் முன் ஒரு பக்கெட் தண்ணீரில் 26 வைத்து ஒரு நாள் ஓடவிட்டுப் பாருங்கள். விரிசலோ, குழாய்க்குள் நீர்த்துளியோ தெரிந்தால் அன்றே குப்பைக்கு.